சும்மா ஒரு சின்ன கரெக்‌ஷன்

எங்கள் கம்பெனியில் டிசைன் இலவசம். யாரும் வாய்விட்டு அப்படிச் சொல்வதில்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். ஒரு லோடு புளி வாங்க வேண்டுமென்றால் மூன்று இடத்தில் விலை கேட்பார்கள். அட்டைப்பெட்டி என்றால் கொட்டேஷன், பேரம், அட்வான்ஸ். ஒரு லேபிளை மாற்ற வேண்டுமென்றால் மட்டும் மாடிப்படி ஏறி வந்து, டிசைனரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "தம்பி, சும்மா ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்றால் போதும்.

தருமபுரியில் ராகி மாவு, சாமை, ஊறுகாய், தொக்கு, மிக்சர் என்று பாக்கெட் போட்டு விற்கும் ஒரு நடுத்தரக் கம்பெனி எங்களுடையது. பெயர் இந்தப் பதிவுக்கு வேண்டாம். அதன் மாடியில் நான்கு டிசைனர்கள், போட்டோவும் வீடியோவும் எடுக்க ஒரு பையன். நான் டிசைனர் இல்லை. யார் எந்த வேலையை எப்போது செய்வது, எது எங்கே நிற்கிறது, எந்த ஃபைல் எந்தப் பிரஸ்ஸுக்கு என்றைக்குப் போக வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் "நீ அங்க என்னதான் பண்றே?" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் ரசம் வந்துவிடுகிறது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வெளியே ஒரு ஏஜென்சியிடம் வேலை கொடுத்தால் மூன்றாவது தடவை திருத்தம் கேட்கும்போது பில் வரும். அந்த பில்லுக்குப் பயந்தே, கேட்பவர் முதலிலேயே உட்கார்ந்து யோசிப்பார். உள்ளேயே டிசைனர்களை வைத்துக்கொண்டால் அந்தப் பயம் போய்விடுகிறது. சம்பளம் எப்படியும் மாதக் கடைசியில் போகத்தான் போகிறது, எட்டாவது தடவை கேட்டால் என்ன என்ற எண்ணம். இலவசமாகக் கிடைக்கும் எதற்கும் வரிசை இருக்கும். ரேஷன் கடையிலாவது அந்த வரிசை கண்ணுக்குத் தெரிகிறது; எங்கள் வரிசை நான்கு பேரின் வாட்ஸ்அப்பில் ஒளிந்துகிடந்தது. சேல்ஸ்காரர் ஒரு டிசைனரிடம் சொல்லியிருப்பார், குவாலிட்டி மேடம் இன்னொருவரிடம், முதலாளியின் மகன் மூன்றாமவரிடம் வாய்ஸ் நோட்டில். ஒவ்வொருவருக்கும் தான் ஒருவர்தான் கேட்டிருக்கிறோம் என்று நினைப்பு.

ஆகவே என் வேலையில் பாதி, அந்த வரிசையைச் சுவரில் ஏற்றுவது. ஒரு வெள்ளைப் பலகை, கூடவே ஒரு கூகுள் ஷீட். இதற்கென்றே காசு கட்டி வாங்கும் சாஃப்ட்வேர்கள் நிறைய உண்டு. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அதற்குள் நுழையவே மாட்டார்கள் என்பதால் பலகைதான் நடக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் அதில் எழுத வேண்டியவை: யார் கேட்டது, எதில் அச்சாகப் போகிறது, பிரஸ்ஸுக்குப் போய்ச்சேர வேண்டிய தேதி எது, இப்போது யாரிடம் நிற்கிறது, ஓகே சொல்லப் போவது யார். கடைசிக் கேள்விக்கு ஒரே ஒரு பெயர்தான் எழுதலாம். "மார்க்கெட்டிங் டீம்" என்றெல்லாம் எழுத முடியாது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் வேலை தொடங்காது. இதற்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. ஆனால் இதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டு பேர் ஓகே சொல்ல வேண்டிய டிசைன், ஒருவருக்குப் பிடித்த பச்சைக்கும் இன்னொருவருக்குப் பிடித்த சிவப்புக்கும் நடுவில் பழுப்பாகிவிடும்.

பலகையில் எழுத ஆரம்பித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. டிசைனர் கையில் வேலை இருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு ஊறுகாய் பாட்டில் லேபிளை வரைய அரை நாள் போதும். ஆனால் அது தொடங்கி முடிய இரண்டு வாரம் ஆகும். உட்பொருள் பட்டியல் குவாலிட்டியிலிருந்து வர வேண்டும். சத்து அட்டவணை டெஸ்டிங் லேபிலிருந்து. ஆங்கிலத்தில் வந்ததை யாராவது தமிழாக்க வேண்டும். முதலாளி சேலம் போயிருப்பார். வந்ததும் செல்போனில் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்பார். அது ஓகேயா, வெறும் பாராட்டா என்று மறுபடி கேட்க வேண்டும். பிறகு பிரஸ்ஸின் ப்ரூஃப். டிசைனரை எவ்வளவு விரட்டினாலும் குறையப்போவது அந்த அரை நாளில் ஒரு மணி நேரம். எல்லோருக்கும் கண்ணில் படுவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் டிசைனர் என்பதால் விரட்டல் எல்லாம் அவர்மீதுதான் விழுகிறது. யாரோ ஒருவரின் இன்பாக்ஸில் நான்கு நாள் தூங்கிய ஃபைலை யாரும் விரட்டுவதில்லை.

இதற்கு ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவில் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை வேலை தேங்கியிருக்கிறதோ அதை, வாரத்துக்கு எத்தனை வேலை முடிகிறதோ அதனால் வகுத்தால், ஒரு வேலை உள்ளே வந்து வெளியே போக எத்தனை வாரம் ஆகும் என்று வந்துவிடும். வாரத்துக்குப் பத்து வேலை முடிக்கும் டீமில் முப்பது வேலை தொடங்கிக் கிடந்தால், ஒவ்வொன்றுக்கும் சராசரி மூன்று வாரம். பதினைந்தாகக் குறைத்தால் ஒன்றரை வாரம். யாரும் வேகமாக வரைய வேண்டியதில்லை, ராத்திரி உட்கார வேண்டியதில்லை. தொடங்கிவைப்பதைக் குறைத்தால் போதும். டொயோட்டா தொழிற்சாலையில் தாய்ச்சி ஓனோ அட்டைகளை வைத்துக் கட்டுப்படுத்தியதும் இதைத்தான்: முன்னால் இருப்பவர் எடுத்துக்கொள்ளாதவரை பின்னால் இருப்பவர் புதிதாகச் செய்து குவிக்கக்கூடாது. எங்கள் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர் எதிர். எதையும் "ஆரம்பிச்சு வெச்சிடு" என்பார்கள். ஆரம்பித்துவைத்தால் பாதி முடிந்த மாதிரி என்று ஒரு நம்பிக்கை. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதற்கு அது சரி. ஆரம்பித்துவைத்த டிசைன் அடுத்தவர் வேலைக்கு முன்னால் படுத்திருக்கும் தடை, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துருச் சங்கதியைச் சொல்லாமல் போனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். வாசகம் வாட்ஸ்அப்பில் யூனிகோடில் வரும். டிசைனர் வைத்திருக்கும் அழகான எழுத்துருக்கள் முக்கால்வாசி பாமினி காலத்து, யூனிகோடுக்கு முந்தைய பழைய வகை. மாற்றிப் போட வேண்டும். மாற்றும்போது எங்காவது ஒரு கொம்பு இடம் மாறும், ஒரு "ஔ" இரண்டாக உடையும். பழைய கோரல்ட்ரா சாஃப்ட்வேரில் யூனிகோடை நேரடியாக ஒட்டினால் "கொ" என்பதே பிரிந்து நிற்கும். இதையெல்லாம் சரிசெய்து, பிரஸ்ஸுக்குப் போகும்முன் எழுத்துகளை "கர்வ்ஸ்" ஆக்கிவிடுவோம். அதாவது எழுத்து எழுத்தாக இல்லாமல் வெறும் கோடுகளாக மாறிவிடும். எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் மாறாது. அதற்குப் பிறகு யாராவது வந்து "காரம் குறைவுன்னு இருக்கே, மிதமான காரம்னு மாத்திடலாமா?" என்றால், இரண்டு சொல்தான், ஆனால் பழைய ஃபைலைத் தேடி, திருத்தி, மறுபடி மாற்றி, மறுபடி ஆரம்பத்திலிருந்து படிக்க வேண்டும். கேட்டவருக்கு அது "சின்ன கரெக்‌ஷன்". அதனால் எங்கள் பலகையில் டிசைன் முடிந்ததா என்பதைவிட வாசகம் முடிந்ததா என்பதற்குத்தான் மரியாதை. முடிந்த வாசகத்தைக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்து, கேட்டவரிடம் கையெழுத்து வாங்குகிறோம். செல்போனில் "ஓகே" என்று அனுப்ப ஒரு நொடி போதும். பேனாவைக் கையில் கொடுத்தால் அதே மனிதர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறார்.

இதே ஆட்கள் சிலிண்டர் என்றால் எவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மிக்சர் பாக்கெட் போன்ற பவுச்சுகள் கிராவூர் முறையில் அச்சாகின்றன. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு உலோக உருளை, அதுதான் சிலிண்டர். அதில் டிசைனைக் குழியாகச் செதுக்கிவிடுவார்கள். செதுக்கியபின் ஒரு எழுத்து தப்பு என்றால் அந்த உருளைக்கு மறுபடி பணம். ஆறு நிறம், எட்டு நிறம் என்று போகும் பாக்கெட்டில் அந்தத் தொகை எல்லோரையும் உட்காரவைத்துவிடுகிறது. சிலிண்டருக்குப் போகும் ஃபைலை எங்கள் கணக்குப்பிள்ளைகூட ஒருமுறை படித்துவிட்டுத்தான் விடுவார், 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவு உரிம எண்ணை விரல் வைத்து எண்ணிப் பார்ப்பார். அதே மனிதர் ஃபேஸ்புக் போஸ்டர் என்றால் ஐந்து முறை மாற்றச் சொல்வார். அவர் பொறுப்பில்லாதவர் என்று இதற்கு அர்த்தமில்லை. ஒன்றின் விலை அவருக்குத் தெரிகிறது, மற்றதன் விலை தெரியவில்லை.

சிலிண்டர் கற்றுத்தந்த இன்னொரு தந்திரம், அனுபவசாலிகள் எல்லோரும் செய்வது: மாறக்கூடிய எழுத்துகள் அத்தனையையும் கறுப்பில் மட்டுமே வைப்பது. முகவரி, உட்பொருள், எடை, எதுவானாலும் கறுப்பு. ஏதாவது மாறினால் ஒரு உருளை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் சீனியர் டிசைனர் இதில் ரொம்பக் கறார். "எடையை மஞ்சள்ல போட்டா எடுப்பா இருக்கும்" என்று சேல்ஸில் கேட்டபோது, "எடுப்பாத்தான் இருக்கும்ணா, அடுத்த தடவை எடை மாறுனா ரெண்டு சிலிண்டர் காசு உங்க பட்ஜெட்ல எழுதிக்கலாமா?" என்றார். மஞ்சள் பேச்சு அத்தோடு நின்றது.

2025 செப்டம்பரில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். செப்டம்பர் 3-ஆம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-ஆவது கூட்ட முடிவுகள் வந்தன. ஊறுகாய், மிக்சர், முறுக்கு போன்றவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 ஆகிறது, 22-ஆம் தேதி முதல் அமல். நவராத்திரி தொடங்கும் நாள் அது. பத்தொன்பது நாள் கெடு. உணவுப்பொருள் கம்பெனிகளின் மாடியில் உட்கார்ந்திருந்த எல்லா டிசைனர்களுக்கும் அந்த 3-ஆம் தேதி ராத்திரியே போன் வந்திருக்கும். விலை குறைந்தால் பாக்கெட்டில் எம்.ஆர்.பி. மாறும். எம்.ஆர்.பி. மாறினால் அதன் பக்கத்தில் சட்டப்படி போட வேண்டிய ஒரு கிராம் விலையும் மாறும். விற்காமல் கிடக்கும் ஸ்டாக்கில் ஸ்டிக்கர் ஒட்டியோ முத்திரை குத்தியோ புது விலையைக் காட்டலாம், ஆனால் பழைய விலையை மறைக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை சொன்னது. அதற்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் எந்தப் பாக்கெட் எங்களைப் படுத்தவில்லை என்று பார்த்தால், அதற்கான முடிவுகள் வருஷங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டிருந்தன. எம்.ஆர்.பி., தேதி, பேட்ச் எண் மூன்றுக்கும் ஒரு வெள்ளைக் கட்டத்தைக் காலியாக விட்டு, பாக்கெட் நிரப்பும் இடத்தில் கோடிங் மெஷினில் அடித்துக்கொள்ளும் பொருட்களுக்கு டிசைன் வேலையே இல்லை. மெஷினில் எண்ணை மாற்றினார்கள், முடிந்தது. தொல்லை கொடுத்தவை ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள். அவற்றில் விலையே விளம்பரம் என்பதால் பெரிதாக, பூப்போட்டு, சிலிண்டரிலேயே செதுக்கியிருக்கும். வரி குறைந்தால் அதை நாலு ரூபாய் அறுபத்தொன்பது காசாக்கவா முடியும்? பெட்டிக்கடையில் சில்லறைக்கு எங்கே போவார்கள்? விலையை அப்படியே வைத்து எடையைக் கூட்டுவதுதான் வழி. எடை கூடினால் கறுப்பு சிலிண்டர். சீனியரின் பிடிவாதத்துக்கு அன்றைக்குத்தான் எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் கவனித்தது வேறொன்று. அந்தப் பத்தொன்பது நாளும் கம்பெனியில் ஒருவர்கூட "சும்மா ஒரு சின்ன" என்று மாடி ஏறவில்லை. தேதியைப் போட்டது நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன், நானில்லை. வெளியிலிருந்து வந்த தேதி என்றால் எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். அந்த வருஷம் அக்டோபர் 20-ஆம் தேதி தீபாவளி என்பதையும் யாரும் தள்ளிவைக்கச் சொல்ல முடியாது. நாம் பலகையில் எழுதும் தேதிக்குத்தான் அந்த மரியாதை கிடைப்பதில்லை. அதனால் இப்போது நான் என் தேதி என்று எதையும் எழுதுவதில்லை. பிரஸ்ஸில் மெஷின் எந்த நாளில் காலி, லாரி என்றைக்கு ஏறுகிறது, கடைக்காரர் என்றைக்கு ஆர்டர் எடுக்கிறார் என்று வெளியே இருக்கும் தேதியை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறேன்.

இதில் சிவகாசிக்காரர்களை மிஞ்ச ஆள் இல்லை. அடுத்த ஆண்டுக்கான தினசரிக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை அவர்கள் ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவார்கள். ஆடி 18 அன்று எங்கள் மாவட்டத்தில் பாதி ஜனம் ஒகேனக்கல்லில் தலைமுழுகிக்கொண்டிருக்கும். சிவகாசியில் அடுத்த வருஷத்தின் முருகனும் லட்சுமியும் வியாபாரத்துக்குத் தயார். ஆர்டர் சீக்கிரம் கொடுத்தால் நிதானமாக வேலை நடக்கும், கார்த்திகையில் ஓடிப்போனால் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். ஜனவரி 1 என்ற ஒரே தேதியை வைத்துக்கொண்டு, அதற்கு ஐந்து மாதம் முன்னால் ஒரு பண்டிகையில் இன்னொரு கெடுவை நட்டுவைத்திருக்கிறார்கள். இதை யாரும் எந்த நிர்வாகப் படிப்பிலும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். ஆல்பம் கையில் வந்தால் வாடிக்கையாளருக்கு ஆசை வரும், ஆசை வந்தால் முடிவெடுப்பார் என்ற வியாபார புத்திதான்.

கெடுவே இல்லாமல் நல்ல டிசைன் வராதா என்று எங்கள் பையன்களில் ஒருவன் கேட்டான். வரும். அதற்கு இந்த மாவட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஓசூர் 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டம்தான், அன்றுதான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. ஆகவே 2002-இல் ஓசூரிலிருந்து வந்த டைட்டன் எட்ஜ் கடிகாரத்தை நாங்கள் எங்கள் மாவட்டத்துக் கடிகாரம் என்றே சொல்லிக்கொள்வோம். டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஆரம்பித்த கம்பெனி. அதன் முதல் நிர்வாக இயக்குநர் செர்க்சஸ் தேசாய்க்கு மெலிந்த கடிகாரம் வேண்டும் என்று ஆசை. பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்து 1.15 மில்லிமீட்டர் கனத்தில் இயந்திரம் செய்தார்கள். முழுக் கடிகாரத்தின் கனம் 3.5 மில்லிமீட்டர். கழித்துப் பாருங்கள்: கண்ணாடி, முட்கள், டயல், பின்மூடி எல்லாவற்றுக்கும் மிச்சம் 2.35 மில்லிமீட்டர். அதற்குள் தண்ணீரும் புகக்கூடாது. அந்தக் கூட்டை வடிவமைத்தவர் கம்பெனிக்குள்ளேயே டிசைன் குழுவை நடத்திய மைக்கேல் ஃபோலி. அலங்காரம் எதுவும் வைக்க இடமில்லாததால் அந்தக் கடிகாரம் அவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

அவர்களுக்கு அத்தனை ஆண்டு கிடைத்தது, எங்களுக்குப் பத்தொன்பது நாள் என்று அந்தப் பையன் அலுத்துக்கொண்டான். எனக்குப் பொறாமையாக இருப்பது அந்த ஆண்டுகள்மேல் அல்ல, மெலிந்த கடிகாரம் என்ற அந்த ஒரே ஆசைமேல். என்ன வேண்டும் என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லும் முதலாளி. எங்களுக்கு வரும் பிரீஃப் "கொஞ்சம் ட்ரெடிஷனலா, ஆனா மாடர்னா" என்று ஆரம்பிக்கும். அதை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் கொடுத்தாலும் முடியாது. இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, "இதுல மாறவே கூடாதது எது?" என்பது. கடை அலமாரியில் ஆறு அடி தள்ளி நின்றால் பெயர் தெரிய வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அது போதும். அன்று சாயங்காலமே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, ஆறு அடி தள்ளி நின்று பார்த்தோம். விவாதம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது.

மாவட்டத்தின் மறுகோடியில், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் சிட்லிங்கி இருக்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் தாண்டா என்னும் குடியிருப்புகளில் லம்பாடிப் பெண்கள் சிலர், மறந்துபோக இருந்த தங்கள் பூத்தையலை 2000-களில் மறுபடி எடுத்து, "போர்கை" என்ற பெயரில் கைவினைஞர் சங்கமாகச் சேர்ந்து உழைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் விளையும் பருத்திக்கும் அவர்கள் தையலுக்கும் தொடர்பு உண்டு. அவர்கள் தைத்த ஒரு தலையணை உறை என்னிடம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்தால் எத்தனை தடவை ஊசி இறங்கி ஏறியிருக்கும் என்று கண்ணே எண்ண ஆரம்பிக்கிறது. டிசைனில் உழைப்பு இப்படி வெளியே தெரிகிற இடம் வேறு இல்லை. அதை எடுத்துக்கொண்டுபோய் "சும்மா இந்த மூலையில மட்டும் ஒரு சின்ன கரெக்‌ஷன்" என்று எவருக்கும் கேட்க வாய் வராது. அந்தப் பெண்கள் விவசாயக் குடும்பத்தினர். மழை வந்தால் வயல், அறுவடை என்றால் வயல். ஆர்டர் கொடுப்பவர்தான் அதற்குத் தக்கபடி தன் தேதியை வைத்துக்கொள்ள வேண்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிவந்து உட்காரவைக்கவும் முடியாது. கை பழக வேண்டும்.

அந்தக் கடைசி விஷயம் கம்ப்யூட்டர் வேலைக்கும் பொருந்தும் என்று ஐ.பி.எம்.மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே புத்தகமாக எழுதிவிட்டார். தாமதமான வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் பழைய ஆட்களின் நேரம் புது ஆட்களுக்குச் சொல்லித்தருவதில் போய்விடும். தீபாவளி நெருங்கும்போது எங்கள் முதலாளியும் "ரெண்டு ஃப்ரீலான்ஸரைப் போட்டுக்கலாமே" என்பார். பெட்டிக்கடைப் பேனர், நோட்டீஸ் என்றால் போட்டுக்கொள்வேன். பாக்கெட் என்றால் கூடாது. எந்தப் பச்சை எங்கள் பச்சை, எந்த எழுத்து கறுப்பில் இருக்க வேண்டும், ஃபைல் பெயரில் தேதியை எப்படி எழுதுவது என்று சொல்லிமுடிப்பதற்குள் தீபாவளியே வந்துவிடும்.

ஃபைல் பெயர் என்றதும் ஒரு வார்த்தை. "ஃபைனல்", "ஃபைனல் நியூ", "ஃபைனல் ஃபைனல் ஓகே" எல்லாம் எங்கள் கம்ப்யூட்டர்களிலும் இருந்தன. இப்போது பொருள், எடை, மொழி, தேதி மட்டும். "ஃபைனல்" என்ற சொல்லுக்குத் தடை.

அர்ஜென்ட் வேலை வராமல் இருக்காது. முதலில் எல்லோரையும் போல நானும் "முடியாது" என்று சொல்லிப் பார்த்தேன். முடியாது என்றால் அவர்கள் நேரே முதலாளியிடம் போவார்கள், முதலாளி டிசைனரைக் கூப்பிடுவார், பலகை வெறும் பலகையாகிவிடும். இப்போது வரும் எவரையும் பலகை முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

"அண்ணா, உங்க டிபார்ட்மெண்ட் வேலை இதுல மூணு ஓடுது. எதைத் தள்ளி வைக்கட்டும்?"

"எதையும் தள்ளாதப்பா. இது சும்மா பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷத்துக்கு எதை நிறுத்தட்டும்ணா?"

அவர் பலகையைப் பார்ப்பார். தன் பெயர் போட்ட வரிசையைப் பார்ப்பார். பாதி நேரம் "சரி, நாளைக்கே ஆகட்டும்" என்று இறங்கிவிடுவார். மீதி நேரம் நிஜமாகவே எதையாவது தள்ளிவைப்பார். அப்படியானால் அது நிஜமான அர்ஜென்ட்தான், உடனே செய்துகொடுக்கிறோம். முதலாளிக்கும் இதே கேள்விதான், என்ன, "சார்" போட்டுக் கேட்பேன். அவர் முதல்முறை முறைத்தார். இரண்டாம் முறை தானே மார்க்கரை எடுத்து ஒரு வேலையை அடித்தார். அது அவர் மகன் கேட்டிருந்தது.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப் வழியாக இன்னும் வேலை கசிந்து வருகிறது. வயதில் மூத்த ஒருவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று "தம்பி" என்று கூப்பிட்டால், இருபத்துமூன்று வயதுப் பையன் எப்படி "பலகையில எழுதுங்க சார்" என்பான்? அதற்கு நான்தான் எழுந்துபோக வேண்டும். புதன்கிழமை மதியத்துக்கு மேல் யாரும் மாடி ஏறக்கூடாது என்று ஒரு வழக்கம் கொண்டுவந்திருக்கிறோம். டிசைனர்கள் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் ஒரே வேலையில் உட்காருகிற ஒரே பொழுது அதுதான். புது பாக்கெட் யோசனைகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் பிறக்கின்றன. இந்த வழக்கத்தை எத்தனை மாதம் காப்பாற்ற முடியும் என்று தெரியாது. சேல்ஸ் மீட்டிங்கையும் அதே புதன்கிழமைக்கு மாற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர்களும் கீழே கட்டிப்போடப்பட்டிருப்பார்கள்.

புது வருஷ அட்டவணை போடும்போது முதலில் வேலைகளை எழுதுவதில்லை. டிசைனர்கள் நான்கு பேரின் ஊர்த் திருவிழாக்களை எழுதுகிறோம். ஒருவருக்கு மாசியில் தீர்த்தமலை, ஒருவருக்குப் பங்குனியில் குலதெய்வம், ஒருவர் தைப்பூசத் தேருக்கு ஊரில் இல்லாமல் இருக்கமாட்டார். லீவு தரமாட்டேன் என்று சொன்னாலும் அன்றைக்கு உடம்பு சரியில்லாமல் போகும், அது எனக்கும் தெரியும். அதை முன்பே எழுதிவிட்டால் அந்த வாரத்தில் சிலிண்டர் ஃபைல் எதுவும் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு முகூர்த்த நாட்கள், ஏனென்றால் சேல்ஸ்காரர்கள் ஓகே சொல்லக் கிடைக்கமாட்டார்கள். பிறகு மாம்பழ சீசன், புளி சீசன். மிச்சம் இருக்கும் வெள்ளை இடங்களில்தான் வேலை.

இந்த வருஷ தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் எத்தனை வகை என்று கீழே இன்னும் முடிவாகவில்லை. மூன்று என்கிறார் ஒருவர், ஏழு என்கிறார் இன்னொருவர். ஆடி 18-க்குள் எண்ணைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன், ஓகே சொல்லப் போகிற ஒரே ஒரு ஆளின் பெயரோடு.